வசந்தகுமாரி பேரில் போட்ட ஊசி

மார்பில் வரும் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கிற மிஷின் எங்கள் ஊர் ரங்கத்துக்கு வந்திருக்கிறது என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் நம்பவில்லை. இந்தத் தீவுக்கு இலவசமாக வரும் எதையும் நான் நம்புவதில்லை. சுனாமிக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். பேர் எழுதினார்கள், போட்டோ எடுத்தார்கள், கப்பல் ஏறிப் போனார்கள். அந்தப் போட்டோவெல்லாம் எங்கே இருக்கிறதென்று எவனுக்கும் தெரியாது.

ஆனால் என் வீட்டில் அப்போது ஒரு காரியம் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் அகிலாவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி. அவள் என்னிடம் சொல்லவில்லை. மாமனாரிடம் எந்தப் பெண் சொல்வாள்? அடுப்படியில் என் மகள் வசந்தகுமாரியிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு முழங்கால்தான் மக்கர், காது நன்றாகக் கேட்கும்.

"சுண்டைக்காய் அளவு இருக்கு. வலியே இல்ல."

"பாப்பாவுக்குப் பால் மறக்கடிச்சீங்கல்ல, அதான் கட்டிக்கிட்டிருக்கும் அண்ணி."

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரி ரெங்கம்மாவும் அதையேதான் சொன்னாள். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னாள். கட்டினார்கள். பூ வாடியது, கட்டி வாடவில்லை.

அந்த நேரத்தில்தான் மிஷின் வந்தது. பஞ்சாயத்து ஹாலில் கேம்ப். மெயின்லேண்டிலிருந்து ஒரு டாக்டரம்மா, கூட நாலைந்து பேர். கட்டி இருக்கிற பெண்களுக்கு மெல்லிசு ஊசி குத்தி உள்ளிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடியில் தடவி, சாயம் போட்டுப் படம் எடுப்பார்களாம். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லுமாம். கெட்டது என்றால் அவர்களே மெயின்லேண்டுக்கு அனுப்பி வைப்பார்களாம். ஒரே ஒரு நிபந்தனை: தீவுக்காரர் என்று கவர்மெண்டு கொடுக்கிற ஐலேண்டர் கார்டு வேண்டும். இங்கேயே இருக்கிற பெண்களை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறார்கள், அதனால் வந்து போகிறவர்கள் வேண்டாம் என்றார்கள்.

அகிலாவுக்குக் கார்டு இல்லை. பரமக்குடிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து இத்தனை காலமாகியும் தாசில் ஆபீசில் அவள் மனு தூங்கிக்கொண்டிருக்கிறது.

வசந்தகுமாரிதான் கைப்பையைத் திறந்து தன் கார்டை எடுத்துக் கொடுத்தாள். "என்னோடத கொண்டுட்டுப் போங்க அண்ணி. யார் பாக்கப் போறா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய மோசடியாகத் தெரியலாம். எங்களுக்கு இது சட்டை மாற்றிப் போடுகிற மாதிரி. கப்பலில் தீவுக்காரனுக்கு ஒரு விலை, மெயின்லேண்டுக்காரனுக்கு வேறு விலை. அதனால் ஊரிலிருந்து வந்த மச்சான் அண்ணன் கார்டில் போவான், மருமகள் நாத்தனார் கார்டில் போவாள். நான் கவர்மெண்டு போட்டில் லஸ்கராக வேலை பார்த்தவன். படகுத்துறை ஜெட்டியில் கயிறு வீசிக் கட்டுவது, ஆள் ஏற்றுவது, இறக்குவது. ஐம்பது வயது ஆள் இருபது வயது போட்டோவோடு ஏறுவான். "சலோ, சலோ" என்று ஏற்றிவிடுவோம். எங்கள் ஊர் ஈரத்தில் கார்டுக்குள் தண்ணீர் கோத்து முகமெல்லாம் ஊறிப்போயிருக்கும். அதில் யாரைத் தேடுவது?

மகன் குணா போர்ட்பிளேர் பஸ் ஓட்டுகிறவன். போர்ட்பிளேருக்கு இப்போது வேறு பேர் வைத்திருக்கிறார்கள், என் வாயில் நுழையவில்லை. அன்றைக்கு அவனுக்கு டியூட்டி. மாயாபந்தரில் தங்கிக் கவர்மெண்டு ஆபீசில் வேலை பார்க்கிற வசந்தகுமாரியும் காலையிலேயே கிளம்பிவிட்டாள். நான்தான் அகிலாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் ஒரு பையன் கார்டை வாங்கிப் பதிந்துகொண்டிருந்தான். ரய்யான் என்று பேர். போர்ட்பிளேரில் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. படங்களைக் கம்ப்யூட்டருக்குள் போடுகிற வேலையும் அவனுடையதுதான்.

"பேரு சாச்சா?"

"வசந்தகுமாரி. என் மக."

"போட்டோல கொஞ்சம் குண்டா இருக்காங்க."

"கப்பல் வராம காய்கறி விக்கிற விலைக்கு இந்தத் தீவுல எவ குண்டா இருப்பா?"

சிரித்துக்கொண்டே கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அகிலா தலையைக் குனிந்தபடி திரைக்குப் பின்னால் போனாள்.

வெளியே வந்தபோது சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலித்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உறவு இல்லை. பாப்பாவை மட்டும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

சாயம் காயும்வரை உட்காரச் சொன்னார்கள். காய்ந்ததும் நான் ரய்யானிடம் போனேன். கம்ப்யூட்டர் திரையில் அகிலாவின் படம் ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. நாவல்பழத்தை மிதித்த மாதிரி. புள்ளிகளைச் சுற்றிக் கட்டம் கட்டமாகக் கோடு விழுந்துகொண்டே போனது.

"என்னடா தம்பி இது?"

"ஒவ்வொண்ணும் ஒரு செல் சாச்சா. நல்ல செல்லுன்னா ஒரே அளவுல, ஒட்டிக்கிட்டு இருக்கும். கெட்டதுன்னா பெருசு சிறுசா, பிஞ்சு பிஞ்சு தனியா கிடக்கும். நம்ம கண்ணு அசந்துடும், இது அசராது. ஒண்ணு விடாம அளக்கும்."

"இதுக்கு எப்படித் தெரியும் எது கெட்டதுன்னு?"

"நாமதான் சொல்லிக் குடுத்தோம். ஆயிரக்கணக்குல படம் காட்டி இது நல்லது, இது கெட்டதுன்னு சொல்லுவோம். பார்த்துப் பார்த்து அதுவே புடிச்சுக்கும். தப்பா சொன்னா, நீ சொன்னது தப்புன்னு திருத்துவோம்."

"நீ தப்பா சொல்லிக் குடுத்தா?"

"தப்பாவே கத்துக்கும். அதுக்குன்னு தனியா புத்தி கிடையாதுல்ல."

"அப்ப கவர்மெண்டு குமாஸ்தான்னு சொல்லு."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அந்த மிஷின் மேல் இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் அன்றைக்குப் போய்விட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம் வசந்தகுமாரிக்கு ஆபீசில் போன் வந்தது. கேம்ப்பிலிருந்து. நீங்கள்தானே வசந்தகுமாரி, பயப்படாதீர்கள், உங்கள் படத்தில் மிஷின் ஒன்றைக் காட்டுகிறது, ஆரம்பம்தான், இன்னொரு தரம் ஊசி போட்டுப் பார்த்துவிடலாம், உடனே வாருங்கள் என்று.

கார்டில் இருந்த நம்பர் அவளுடையது. மார்பு அகிலாவுடையது.

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தினாள். குணாவும் வந்துவிட்டான். அகிலா பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். ஆரம்பம், ஆரம்பம் என்று அந்த வார்த்தையையே எல்லோரும் மாற்றி மாற்றிச் சொன்னோம்.

"நேராப் போயி சொல்லிடலாம். ஊசி போட்டது இவளுக்குத்தான்னு" என்றான் குணா.

"சொல்லலாம். அப்புறம் என் வேலை?" என்றாள் வசந்தகுமாரி. பத்து வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள். நிரந்தரம் ஆக்குகிற ஆர்டர் மேஜைக்கு மேஜை நகர்ந்துகொண்டிருந்த நேரம். "போன மாசம்தான் கார்டை மாத்திக் குடுத்தான்னு ஒருத்தனைத் தூக்குனாங்க. போலீஸ் வெரிபிகேஷன் வேற வரணும். இது தெரிஞ்சா நான் அவ்வளவுதான் அண்ணே."

"அதுக்கு?"

"நான் போறேன். எனக்கு ஊசி போட்டுப் பாக்கட்டும். ஒண்ணும் இருக்காது. அந்தக் கணக்கு அதோட முடிஞ்சிரும். அண்ணியை நாம மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி காட்டுவோம். நம்ம ஆளுக, நம்ம ஊரு. இங்க எவனுக்கும் தெரிய வேணாம்."

குணா என்னைப் பார்த்தான். நான், "கப்பல் எங்கடா இருக்கு?" என்றேன். ஒரு கப்பல் ரிப்பேருக்குப் போயிருந்தது. இருந்த கப்பலில் பண்டிகைக் கூட்டம். விமானத்துக்கெல்லாம் எங்கள் கை நீளாது.

"அடுத்த கப்பல்ல போயிடலாம்பா."

அகிலாவை யாரும் கேட்கவில்லை. அவள் பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பாப்பா எப்போதோ தூங்கிவிட்டது.

வசந்தகுமாரி போய் ஊசி குத்திக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டியே தட்டுப்படவில்லையே என்றாளாம். இவள், பால்கட்டு போல இருந்தது, தானாகக் கரைந்துவிட்டது என்றாளாம். கல்யாணமே ஆகாதவளுக்கு ஏதம்மா பால் என்று டாக்டர் கேட்டிருக்க வேண்டும். கார்டில் அதெல்லாம் இல்லை, அதனால் கேட்கவில்லை. அந்த டாக்டர் முதல்நாள் எத்தனையோ பெண்களைப் பார்த்தவள், முகம் நினைவில்லை. சந்தேகத்துக்கு அங்கே இங்கே என்று பல இடத்தில் குத்தியிருக்கிறாள். எல்லாம் சுத்தம்.

ரிசல்ட் வந்த அன்று வசந்தகுமாரி அல்வாவோடு வந்தாள். வந்தவள் அகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஷின் தப்புன்னு டாக்டரே சொல்லிட்டாங்க அண்ணி" என்றாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "யாருக்குத் தப்பு?" என்றேன்.

"என்னப்பா?"

"உன்னைக் குத்துனாங்க. உனக்கு இல்ல. அவளுக்கு எப்படிடீ இல்லாமப் போச்சு?"

"அப்படி இல்லப்பா. இந்த மிஷின் இப்படித்தான் ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் காட்டுதாம். இன்னும் கத்துக்கிட்டிருக்காம். அந்தப் பையனே சொன்னான்."

குணாவின் முகம் தெளிந்துவிட்டது. போனவள் எதற்குப் போனாள் என்பதையே அந்த வீட்டில் எல்லோரும் மறந்துகொண்டிருந்தார்கள். பொய்யை மூடப் போனார்கள். அந்தப் பொய்க்கு டாக்டர் ஒரு சீட்டு கொடுத்தாள். அதையே வைத்தியம் என்று எடுத்துக்கொண்டார்கள். கார்டு நல்லபடியாக இருந்தது, அதனால் அகிலாவும் நல்லபடியாக இருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைல்ல?" என்று அகிலா கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரலே அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

"ஒண்ணுமில்ல" என்றான் குணா. "மெயின்லேண்டு போகும்போது எதுக்கும் ஒருவாட்டி காட்டிக்குவோம்."

"அடுத்த கப்பல்னு சொன்னீங்க?"

"பொங்கல் முடியட்டும்."

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "எல்லாரும் சேந்து பைத்தியமாயிட்டீங்களா?" என்றேன். குணா, "நீதானப்பா மிஷினே ஃபிராடுன்னு மொதல்லேர்ந்து சொல்லிக்கிட்டு இருந்த?" என்றான். மிஷினை நம்பாதவன் அது சொன்ன கெட்ட சேதியை மட்டும் எப்படி நம்புவது? ஆனால் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மிஷின் பார்த்தது அகிலாவின் கட்டியை. டாக்டர் பார்த்தது வசந்தகுமாரியை. இதற்குப் படிப்பு வேண்டுமா?

பொங்கல் வந்தது, போனது. கப்பலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. கிடைத்தபோது பாப்பாவுக்குக் காய்ச்சல். பிறகு பங்குனி உத்திரம் வரட்டும், முருகன் கோயில் காவடி முடியட்டும் என்றார்கள். ஒவ்வொரு காரணமும் நியாயமாகவே இருந்தது. கட்டியைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

நான் மருமகளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவன் இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருப்பது கண்ணில் படத்தானே செய்யும். தண்ணீர்க் குடத்தை எப்போதும் இடது இடுப்பில் வைப்பவள் வலதுக்கு மாற்றினாள். துணி காயப்போட இடது கையைத் தூக்கும்போது பல்லைக் கடித்தாள். பாப்பா இடது பக்கம் சாய்ந்தால் விலக்கினாள்.

காவடிக்கு முந்தின நாள் பின்கட்டில் பைப்படியில் நின்றிருந்தாள். நான் பல் விளக்கப் போனேன். திரும்பாமலேயே சொன்னாள்.

"மாமா. அது கரையல."

"எது?"

"சுண்டைக்காயா இருந்தது எலுமிச்சங்கா ஆயிருச்சு. கக்கத்துலயும் ஒண்ணு வந்திருக்கு."

நான் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினேன்.

"அவன்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். டாக்டர்தான் ஒண்ணுமில்லன்னுட்டாங்களேன்றாரு. நானும் அப்படித்தான் மாமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். நினைச்சா நல்லா இருந்துச்சு." பைப்பை மூடினாள். "எனக்கு ஊசியே போடாத மாதிரி ஆயிப்போச்சு."

"அந்தக் கூட்டம் இப்ப எங்க இருக்கு?"

"மாயாபந்தர்ல. மைக்ல சொன்னாங்க."

"பாப்பாவுக்குத் துணி எடுத்து வை" என்றேன்.

மறுநாள் ஊரே கோயிலுக்குப் போனது. நாங்கள் மாயாபந்தர் பஸ்ஸில் ஏறினோம். பஸ் ஸ்டாண்டிலிருந்தே வசந்தகுமாரிக்குப் போன் போட்டேன். ஒளித்துச் செய்கிற வேலை எனக்கு வராது.

"நான் போயி சொல்லப் போறேன்" என்றேன்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்பா, ஆர்டர் டைப் ஆயிருச்சு. கையெழுத்துதான் பாக்கி. கொஞ்ச நாள் பொறுங்கப்பா" என்றாள்.

"கக்கத்துல வந்துருச்சாம். அதுகிட்டச் சொல்லு, கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி."

போனை வைத்துவிட்டாள்.

வழியெல்லாம் குழி. ஒவ்வொரு குழிக்கும் அகிலா இடது கையை உடம்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பாக்குத் தோப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாயாபந்தரில் பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் கேம்ப். வராந்தாவில் பெண்கள் வரிசை. வங்காளிப் பெண்கள், கரேன் பெண்கள், நம் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் கார்டு. மேஜையில் அதே ரய்யான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"அரே சாச்சா! மக நல்லா இருக்காங்களா? மிஷின் ரொம்பப் பயமுறுத்திருச்சுல்ல? அதைத் திருத்திட்டோம். அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டி, இது கெட்டது இல்லடான்னு சொல்லிக் குடுத்தாச்சு."

"நல்லாச் சொல்லிக் குடுத்த போ" என்றேன். "அது சொன்னதுதான் சரி. பேருதான் தப்பு. வசந்தகுமாரி என் மக. அன்னிக்கு நீ படம் புடிச்சது இவ. என் மருமக. அகிலா."

அவன் முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்தான். அதே ஊதாப் புள்ளிகள். நான் அன்றைக்குப் பார்த்தபோது நாவல்பழம் என்று நினைத்தவை. ஒன்று பெருசு, ஒன்று சிறுசு, பிய்ந்து பிய்ந்து கிடந்தன. அவனே சொல்லிக் கொடுத்திருந்தானே, எனக்கே தெரிந்தது.

"யா அல்லா" என்றான். "இதைத்தான் நல்லதுன்னு போட்டு வச்சிருக்கேன்."

உள்ளே ஓடி அதே டாக்டரம்மாவைக் கூட்டி வந்தான். டாக்டர் இந்திராணி. சென்னைக்காரி. ஐம்பது வயது இருக்கும். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. அகிலாவின் இடது கை நின்ற நிலையைத்தான் பார்த்தாள்.

"உள்ள வாம்மா" என்றாள்.

பாப்பா அகிலாவை விடாமல் கத்தியது. நான் பிரித்தெடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து பாப்பாவை வாங்கிக்கொண்டது. வசந்தகுமாரி. ஆபீஸ் சேலையிலேயே வந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து ரய்யானின் மேஜைமேல் வைத்தாள். வைத்துவிட்டுப் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

டாக்டர் வெளியே வர நேரமானது. வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மிஷினுக்குக் காத்திருக்க வேண்டாம் ஐயா. என் கையே சொல்லுது. அன்னிக்கு நாங்க போன் பண்ணப்பவே இந்தப் பொண்ணு வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருப்போம். இப்ப கக்கத்துல பரவியிருக்கு. மார்பை முழுசா எடுக்கணும். அதுக்கு மேல எங்க போயிருக்குன்னு சென்னையில பாத்தாத்தான் தெரியும்."

"பொழைப்பாளா?"

"முயற்சி பண்ணுவோம்."

அந்தப் பதில் எனக்குத் தெரிந்த பதில்தான். புயலில் காணாமல்போன டோங்கிப் படகைத் தேடப் போகும்போது கரையில் நிற்கும் பெண்களுக்கு நாங்கள் சொல்கிற பதில்.

டாக்டர் எழவில்லை. வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. இந்த மாதிரி அடுத்தவங்க கார்டுல எத்தனை பேர் வந்திருப்பாங்க?"

நான் யோசிக்கவே இல்லை. "கார்டு கேட்டீங்கல்ல, அப்ப வந்திருப்பாங்க."

"எத்தனை பேர்?"

"நான் போட்டுல ஆள் ஏத்துனவன்மா. கார்டையும் முகத்தையும் சேத்துப் பாத்திருந்தா என் போட்டு காலியாத்தான் போயிருக்கும்."

அவள் நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டாள். ரய்யான் பக்கத்தில் வந்து நின்றான். "ஒரு படம் தப்பானா மிஷின் கெட்டுப்போகாது மேடம். நிறைய ஆனா..." என்று நிறுத்தினான். "நல்லதுன்னு வந்து வீட்டுக்கு அனுப்புனவங்க யாரு யாருன்னே நமக்குத் தெரியாது."

டாக்டர் வராந்தாவுக்குப் போய் இந்தியில் உரக்கச் சொன்னாள். யாராவது அடுத்தவர் கார்டில் வந்திருந்தால் தனியாக வாருங்கள், கேஸ் கிடையாது, உங்கள் சொந்தப் பேரைச் சொன்னால் போதும், கார்டே வேண்டாம். ரய்யான் அதையே வங்காள மொழியிலும் தமிழிலும் சொன்னான்.

ஒருத்தியும் அசையவில்லை. கேஸ் கிடையாது என்று கவர்மெண்டு சொன்னால் கேஸ் உண்டு என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அகிலா திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஊசி குத்தின இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வரிசைக்கு எதிரே நின்றாள். கொச்சை இந்தியில்தான் பேசினாள். அவளுக்கு அவ்வளவுதான் வரும்.

"மேரா நாம் அகிலா. நனந்த் கா கார்டு லேக்கே ஆயி தி. சோட்டா தா, அப் படா ஹோ கயா."

நாத்தனார் கார்டில் வந்தேன், சின்னதாக இருந்தது, பெருசாகிவிட்டது. அவ்வளவுதான் சொன்னாள்.

வரிசையின் நடுவில் இருந்த ஒரு வங்காளிப் பெண் மெல்ல விலகி ரய்யானின் மேஜைக்கு வந்தாள். காதருகே ஏதோ சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான். பின்னால் இன்னொருத்தி வந்தாள். அப்போது கடைசியில் நின்ற ஒருத்தி, பச்சைச் சேலை, இடுப்பில் சாப்பாட்டுத் தூக்கு, கார்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வராந்தாவை விட்டு இறங்கினாள். நான் எழுந்து, "அம்மா, நில்லும்மா, சுனோ" என்று பின்னால் போனேன். அவள் ஓட ஆரம்பித்தாள். என் முழங்காலுக்கு அந்த வேகம் இல்லை. கேட்டுக்கு வெளியே வந்து பார்த்தபோது ஜெட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் பேரும் தெரியாது, அவளுக்கு என்ன இருந்தது என்பதும் தெரியாது.

கேஸ் ஒன்றும் போடவில்லை. ஆனால் இது சின்ன ஊர். வசந்தகுமாரியின் ஆர்டர் கையெழுத்தாகவில்லை, ஒப்பந்தத்தையும் நீட்டவில்லை. அவள் இப்போது ரங்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பாப்பாவைக் குளிப்பாட்டுகிறாள், சமைக்கிறாள். என் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். குணா ஒருநாள் குடித்துவிட்டு வந்து, "நான் ஒண்ணுமில்லன்னு சொன்னேனே, சொன்னேனே" என்று சுவரில் முட்டிக்கொண்டான். நான் தடுக்கவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் சென்னைக் கப்பலுக்கு இடம் கிடைத்தது. குணாவுக்கு லீவு கிடைக்காததால் நான்தான் துணை. போர்ட்பிளேரில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவன் நான் லஸ்கராக இருந்தபோது கூட வேலை பார்த்தவனின் மகன், பிரவீன்குமார்.

"மருமகளுக்குக் கார்டு இல்லையா அங்கிள்? மெயின்லேண்டு ரேட் வருமே. உங்க பொண்ணு கார்டு இருக்கும்ல, அதுல போட்டுரவா? யார் பாக்கப் போறா?"

"அகிலான்னு போடு" என்றேன்.

"சும்மா வேஸ்ட் அங்கிள்."

"போடுறா."

கப்பல் ஹாடோ துறைமுகத்தை விட்டுக் கிளம்பியபோது அவள் மேல்தளத்தில் வலது கையால் கம்பியைப் பிடித்து நின்றாள். இடது கை வீங்க ஆரம்பித்திருந்தது. வளையலைக் கழற்றிப் பாப்பாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"மாமா, அந்த மிஷின்ல இப்ப என்னை எந்தப் பேர்ல வச்சிருக்காங்க?"

"உன் பேர்லதான். அந்தப் பையன் எனக்குக் காட்டுனான்."

"கெட்டதுன்னு மாத்திட்டானா?"

"மாத்திட்டான்."

அவள் தலையை ஆட்டினாள். அலை பெரிதாக ஆரம்பித்தது. எனக்குப் பழக்கம், அவளுக்கு இல்லை. கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்தது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, காற்று அவள் மேல் படாதபடி இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டேன்.